நடுங்கும் ஒளியும் நுண்ணிய நிறமாலையும்

தில்லி மாநகரின் மேற்குப் பகுதியில், உத்தியோகம் நிமித்தமாகத் தமிழகத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் பலவற்றையும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றையும் உடைய ஜனக்புரியில், பிப்ரவரி மாதத்து முன்னிரவில், மணி ஒன்பதை நெருங்கும் வேளையில், மறைப்பு இல்லாத மொட்டைமாடி ஒன்றிலிருந்து தென்திசையை நோக்குபவருக்கு, மூடுபனியும் புகையும் சற்றே விலகி நிற்குமாயின், அடிவானத்தை ஒட்டினாற்போல ஒரு பெரிய நட்சத்திரம் தென்படும். பிரகாசத்தில் இரவு வானத்து விண்மீன்கள் அனைத்துள்ளும் இரண்டாம் ஸ்தானம் வகிப்பதும், மேனாட்டார் கனோபஸ் என்று வழங்குவதுமான அகத்திய நட்சத்திரமே அது. குறுமுனி தெற்கே சென்று தங்கிவிட்டதற்கேற்ப, அவர் பெயரைத் தாங்கிய விண்மீனும் வடக்கே வாழ்பவர்க்குத் தன்னை அரிதாகவே காட்டுகிறது. கன்னியாகுமரியில் அது 29 பாகை உயரம் வரை எழும். சென்னையில் 24 பாகை. ஜனக்புரியிலோ, உச்சம் கடக்கும் வேளையிலும் 9 பாகையை எட்டாது.

இவ்வளவு தாழ்வாக நிற்கும் விண்மீனின் ஒளி, தலைக்கு நேர் மேலே உள்ளதன் ஒளி கடந்து வரும் காற்றைப் போல ஆறு மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்தாக வேண்டும். ஆகவே அது மினுங்குவதோடு நில்லாமல், ஒரு கணம் செந்நிறமும் மறு கணம் நீலமுமாகத் தெறிக்கிறது. ஏறத்தாழ 310 ஒளியாண்டுத் தூரத்தை யாதொரு சஞ்சலமும் இன்றிக் கடந்து வந்த கிரணம், பயணத்தின் கடைசி விநாடியின் மிகச் சிறிய பகுதியில், நம் வாயுமண்டலத்தில்தான் இவ்வாறு அலைக்கழிக்கப்படுகிறது. இதனால் வானத்துப் பொருள்களின் படங்கள் மங்கிவிடுகின்றன என்பது பலரும் அறிந்த செய்தியே. ஆனால் அதே நடுக்கம், விண்மீனின் ஒளியைப் பிரித்து ஆராயும் நிறமாலைமானி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எவ்வளவு செலவு பிடிக்க வேண்டும் என்பதையுங்கூட நிர்ணயிக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். அதையும், அதற்கு விஞ்ஞானிகள் கண்ட பரிகாரத்தையும் விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

காற்று செய்யும் காரியம்

காற்றின் ஒளிவிலகல் எண் அதன் உஷ்ணத்தைப் பொறுத்தது. உஷ்ணம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் அந்த எண் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறையும். இது கணக்கில் கொள்ளத் தகாத அற்ப வித்தியாசமாகத் தோன்றலாம். ஆயினும், பகலெல்லாம் வெயில் காய்ந்த சிமெண்டுக் கூரையொன்றின் மேல், அரை மீட்டர் கனத்துக்கு மட்டும் காற்று 1 டிகிரி கூடுதலாகச் சூடேறி நிற்குமாயின், அதன் வழியே வரும் ஒளி, பக்கத்துக் குளிர்ந்த காற்றின் வழியே வரும் ஒளியைவிட அரை மைக்ரான் அளவு முந்திவிடும். அரை மைக்ரான் என்பதோ பச்சை ஒளியின் ஒரு முழு அலைநீளம். இத்தகைய அரை மீட்டர்களும் அரை டிகிரிகளும், கூரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரம் வரை, காற்றோட்டத்தில் இடையறாது கலைந்தும் கூடியும் செல்கின்றன. வாயுமண்டலத்தின் உச்சியைத் தொடும் வரை பளிங்குத் தளம்போல் சமமாக இருந்த ஒளியின் அலைமுகப்பு, தரையை அடையும்போது மேடும் பள்ளமுமாகச் சிதைந்து போகிறது.

இந்தச் சிதைவு தற்செயல்களின் கூட்டமாதலால், அதைப் புள்ளியியல் முறையால்தான் ஆராய இயலும். அவ்வாறு ஆராய்ந்தவர்களுள் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று உலகப் புகழ் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் உட்கட்டமைப்பைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்கே அவர் பெயர் பெரும்பாலும் நினைக்கப்பட்டாலும், விண்மீன் மினுங்குதலுக்குப் புள்ளியியல் அடிப்படை அமைத்துக் கொடுக்கும் கட்டுரை ஒன்றை 1952-ல் அவர் வெளியிட்டார். பின்னர் 1960-களில் டேவிட் ஃப்ரீட் என்பவர், அலைமுகப்பு எவ்வளவு விஸ்தாரம் வரை ஏறத்தாழச் சமமாக இருக்கும் என்பதைக் குறிக்கும் ஓர் அளவை வகுத்தார். நல்ல வானிலையில், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு, அது சுமார் 10 சென்டிமீட்டர். இதன் பொருள் வியப்புக்குரியது: 10 சென்டிமீட்டர் தொலைநோக்கியானாலும் சரி, 10 மீட்டர் தொலைநோக்கியானாலும் சரி, விண்மீனின் பிம்பம் ஏறக்குறைய ஒரு விகலை அகலத்துக்குப் பரவியே தோன்றும். பெரிய ஆடி மிகுதியான ஒளியைச் சேகரிக்கும், பிம்பத்தைக் கூர்மையாக்காது. ஒரு விகலை என்பது, நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் தூக்கிப் பிடிக்கும் இரண்டு சென்டிமீட்டர் நாணயம் நம் கண்ணுக்குக் காட்டும் அகலம். சாமானிய மனிதனுக்கு அது ஒன்றுமில்லை. 8 மீட்டர் தொலைநோக்கியால் கோட்பாட்டளவில் சாதிக்கத்தக்க கூர்மையோடு ஒப்பிட்டாலோ, அது எண்பது மடங்கு மொண்ணையானது.

பிளவின் சங்கடம்

நிறமாலையைப் படிக்கும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. பிற்காலத்தில் மக்களவை உறுப்பினராகத் தில்லியில் பணியாற்றி, அந்நகரிலேயே 1956-ல் உயிர் நீத்த மேகநாத் சாஹா, விண்மீனின் உஷ்ணத்துக்கும் அதன் நிறமாலையில் தோன்றும் கோடுகளுக்கும் உள்ள சம்பந்தத்தை 1920-ல் சமன்பாடாக்கிக் காட்டினார். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில், கனத்த மழை ஓய்ந்து காற்று தெளிந்திருந்த 1909 ஜனவரி 5 அன்று, ஜான் எவர்ஷெட் சூரியனின் கரும்புள்ளிகளுடைய நிறமாலையைப் பதிவு செய்து, அதன் கோடுகள் இம்மியளவு இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வாயு விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்பது அதனால் வெளிப்பட்டது. அந்த நிகழ்ச்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்கிவருகிறது. நிறமாலையின் நுட்பமும் காற்றின் அமைதியும் ஒரே நாளில் வாய்க்கப் பெற்றதன் பலன் அந்தக் கண்டுபிடிப்பு.

நுட்பம் என்று இங்கே சொல்வது பிரிதிறனை. ஓர் அலைநீளத்தை அதற்கு அடுத்ததிலிருந்து எவ்வளவு நெருக்கம் வரை பிரித்துக் காண முடிகிறது என்பதை அது குறிக்கும். பிரிதிறன் 1,00,000 என்றால், விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தையும் தனித்துக் காணலாம். அத்தகைய பிரிதிறனைப் பெறுவதற்கு நிறமாலைமானியின் முகப்பில் உள்ள பிளவு குறுகியதாக இருத்தல் அவசியம். ஏனெனில், நிறமாலையில் தோன்றும் ஒவ்வொரு கோடும் அந்தப் பிளவின் பிம்பமே. ஆனால் காற்று விண்மீனின் பிம்பத்தை ஒரு விகலைக்குப் பரப்பிவிடுவதால், பிளவைக் குறுக்கினால் ஒளி வெளியே நின்றுவிடுகிறது; அகற்றினால் கோடுகள் தடித்துப் போகின்றன.

ஜவ்வாது மலையில் காவலூரில், 1986 முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியோடு இணைந்த நிறமாலைமானி இந்தச் சங்கடத்தை எண்களாகவே காட்டுகிறது. ஒளியிழை கொண்டுவரும் விண்மீன் ஒளியைப் பிளவு வைக்காமல் அப்படியே ஏற்றால் அதன் பிரிதிறன் 27,000. 60 மைக்ரான் பிளவு ஒன்றைக் குறுக்கே வைத்தால் 72,000. இந்த ஏற்றத்துக்கு விலையாகப் பிளவின் இரு கரைகளிலும் ஒளியின் ஒரு பகுதி தடுத்து நிறுத்தப்படுகிறது. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லேயில் உள்ள, சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியின் நிறமாலைமானியில் வேறொரு யுக்தி கையாளப்பட்டுள்ளது. அகன்ற பிம்பத்தைச் சிறு துண்டுகளாக அரிந்து, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிவிடும் சாதனம் ஒன்றால், ஒளியைத் தள்ளிவிடாமலே பிரிதிறன் 30,000-லிருந்து 60,000-க்கு உயர்த்தப்படுகிறது. ஆயின் அரிந்த துண்டுகள் உணர்கருவியின் பரப்பில் அதிக இடம் கேட்கும். ஆகவே அதுவும் முற்றிலும் இலவசமானதன்று.

பெரிய தொலைநோக்கிகளில் இந்தச் சங்கடம் இன்னும் விபரீதமாகிறது. பிரிதிறன் நிறமாலைமானிக்குள் பாயும் ஒளிக்கற்றையின் விட்டத்துக்கு நேர் விகிதத்திலும், பிளவின் கோண அகலத்துக்கும் தொலைநோக்கியின் விட்டத்துக்கும் எதிர் விகிதத்திலும் அமையும். பிளவு ஒரு விகலையாக இருந்து, வழக்கமான சாய்வில் வைத்த, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கீற்றணியைக் கொண்டு 1,00,000 பிரிதிறன் பெற வேண்டுமானால், 2 மீட்டர் தொலைநோக்கிக்கு 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒளிக்கற்றை போதும், 8.2 மீட்டர் தொலைநோக்கிக்கு அது 1 மீட்டர். 30 மீட்டர் தொலைநோக்கிக்கோ 3.6 மீட்டர். சாய்த்து வைக்கப்படும் கீற்றணி அதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான நீளம் இருக்க வேண்டும். எட்டு மீட்டர் நீளமுள்ள கீற்றணியைச் செதுக்குவதும், அதை உஷ்ண மாறுதலிலிருந்து காப்பதும் எத்தகைய பிரயத்தனம் என்று எண்ணிப் பார்த்தால், காற்றின் நடுக்கம் கருவிகளின் உருவத்தையே ஆட்டிப் படைக்கும் விதம் விளங்கும்.

ஆனால், பிம்பத்தின் அகலத்தைக் காற்று நிர்ணயிக்காமல் ஒளியின் அலைத்தன்மை மட்டுமே நிர்ணயிக்குமானால் கணக்கு அடியோடு மாறுகிறது. அப்போது தொலைநோக்கி பெரிதாகப் பெரிதாகப் பிம்பமும் அதே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போகுமாதலால், இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன. 2.3 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியில் 1,00,000 பிரிதிறனுக்கு, 2 மீட்டரோ 8 மீட்டரோ 30 மீட்டரோ, எந்தத் தொலைநோக்கியாயினும் 6 சென்டிமீட்டர் ஒளிக்கற்றையே போதும்.

சிதைந்ததைச் சீர்ப்படுத்தல்

காற்று சிதைத்த அலைமுகப்பைக் கருவிக்குள்ளேயே சீர்ப்படுத்திவிடலாம் என்று 1953-ல் முதன்முதலாக எழுதியவர் அமெரிக்க வானவியலார் ஹோரஸ் பாப்காக். அவர் படங்கள் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. விண்மீன்களின் காந்தப்புலத்தை நிறமாலைக் கோடுகள் இரண்டாகப் பிரிவதிலிருந்து அளந்து புகழ் பெற்றவர் அவர். மௌண்ட் வில்சனில் கீற்றணி செதுக்கும் பணியிலும் ஈடுபட்டவர். பிளவின் கரைகளில் வீணாகும் ஒளியைப் பற்றி அவரைவிட நன்கு அறிந்தோர் அக்காலத்தில் சிலரே இருந்திருக்க முடியும். ஆடியின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றைப் பரப்பி, எலெக்ட்ரான் கற்றையால் அதில் வேண்டிய மேடு பள்ளங்களை உண்டாக்கி, காற்றின் மேடு பள்ளங்களை ஈடு செய்யலாம் என்பது அவர் யோசனை. அதைச் செயலாக்கும் வேகம் படைத்த கணிப்பொறி அப்போது இல்லை.

இன்று ஆராய்ச்சி நிலையங்களில் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்றும், தமிழில் தகவமை ஒளியியல் என்றும் வழங்கும் இந்த முறையில் மூன்று அங்கங்கள் உண்டு. முதலாவது உணர்வது. தொலைநோக்கியில் விழும் ஒளியின் ஒரு பகுதியைச் சிறு வில்லைகளின் வரிசை ஒன்றின் வழியே செலுத்தினால், ஒவ்வொரு வில்லையும் தனித்தனியே ஒரு புள்ளியைக் குவிக்கும். அலைமுகப்பு சாய்ந்திருக்கும் இடத்தில் அப்புள்ளி விலகி விழும். அவ்விலகல்களைக் கொண்டு, சிதைவு முழுவதையும் வரைபடமாக்கிவிடலாம். இரண்டாவது கணிப்பது. மூன்றாவது திருத்துவது: முதுகில் பல முனைகளால் தள்ளவும் இழுக்கவும் பெறும் மெல்லிய ஆடி ஒன்று, சிதைவுக்கு எதிரான வடிவத்தை மேற்கொள்கிறது. காற்று விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வீசினால், 10 சென்டிமீட்டர் அளவுள்ள சஞ்சலம் நூறில் ஒரு விநாடியில் கடந்து போய்விடுமாதலால், இம்மூன்று காரியங்களும் விநாடிக்குப் பல நூறு முறை நிறைவேற வேண்டும்.

அகச்சிவப்பு ஒளியில் இந்த வேலை இலகுவாகிறது. அலைநீளம் வளர வளர, சமமான பகுதியின் அளவு அதைவிடச் சற்று விரைவாக வளர்கிறது. பச்சை ஒளிக்கு 10 சென்டிமீட்டராக இருந்தது 2.3 மைக்ரானில் 60 சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். ஆகவே 8.2 மீட்டர் ஆடியைப் பச்சை ஒளிக்குச் செவ்வனே திருத்த ஏறத்தாழ 7,000 முனைகள் தேவைப்படுமாயின், அகச்சிவப்புக்கு 200-க்கும் குறைவானவை போதும். வானவியலில் இம்முறை முதன்முதல் வெற்றி பெற்ற 1989-ஆம் ஆண்டில், பிரான்சின் ஓத்-ப்ரோவான்ஸ் நிலையத்தில் 1.52 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு பரீட்சித்தவர்களும் அகச்சிவப்பையே தேர்ந்துகொண்டனர்.

சிதைவை அளப்பதற்குப் பிரகாசமான விண்மீன் ஒன்று அருகிலேயே இருந்தாக வேண்டும் என்பது இம்முறையின் பெருங்குறை. அதற்குப் பரிகாரமாக, 90 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய படலமாக மிதக்கும் சோடியம் அணுக்களை லேசர் கற்றையால் ஒளிரச் செய்து, செயற்கை விண்மீனை வானில் ஏற்றிவிடலாம் என்று ரெனோ ஃபுவா, அந்துவான் லாபேரி என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1985-ல் எழுதினர். அமெரிக்க ராணுவத்தார் அதே யோசனையை இரகசியமாக முன்பே மேற்கொண்டிருந்தது 1991-ல்தான் வெளிவந்தது. இத்துறையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. புனே நகரத்துப் பல்கலைக்கழகங்களிடை வானியல் மையமும் கால்டெக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ரோபோ-ஏஓ என்ற கருவி, பலோமார் மலையின் 1.5 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்தப்பட்டு, மனிதர் கைபடாமல் தானே லேசரைச் செலுத்தித் தானே திருத்தி, 2012-ல் மட்டும் கெப்ளர் விண்கலம் சந்தேகித்த 715 கிரக அமைப்புகளைப் பரிசோதித்தது.

ஒரு கிரகத்தின் பகற்பொழுது

அகத்திய நட்சத்திரத்துக்குச் சில பாகை மேற்கே, நகர ஒளியில் வெறுங்கண்ணுக்கு அகப்படாத மங்கலான விண்மீன் ஒன்று உண்டு. பீட்டா பிக்டோரிஸ் எனப்படும் அது நம்மிடமிருந்து சுமார் 63 ஒளியாண்டுத் தூரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிவரும் கிரகம் ஒன்றை, சிலி நாட்டுப் பரனால் மலையில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியால் தகவமை ஒளியியலின் துணைகொண்டு 2003-ல் எடுத்த படங்களிலிருந்து, பிரெஞ்சு வானவியலார் ஆன்-மாரி லக்ராஞ்சும் அவர் குழுவினரும் பின்னர் கண்டெடுத்தனர். வியாழனைப் போலப் பன்மடங்கு நிறை கொண்ட அக்கிரகம், தன் விண்மீனைவிட அகச்சிவப்பில் ஆயிரக்கணக்கான மடங்கு மங்கலானது. அதனின்றும் அரை விகலைக்கும் குறைவான தூரத்தில் நிற்பது. காற்று பரப்பிய சாதாரணப் பிம்பத்தில் விண்மீனின் ஒளி வெள்ளத்தில் அது அடையாளம் இன்றி மூழ்கிவிடும்.

அதே மலையில் 2006 முதல் இயங்கிவந்த கிரைர்ஸ் என்ற அகச்சிவப்பு நிறமாலைமானி, 60 முனைகள் கொண்ட தகவமை ஆடியின் வாயிலாகவே ஒளியைப் பெற்று, 0.2 விகலை அகலமே உள்ள பிளவைக் கொண்டு 1,00,000 பிரிதிறன் தந்தது. இக்னாஸ் ஸ்னெல்லன் தலைமையில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அதனைப் பீட்டா பிக்டோரிஸின் பக்கம் திருப்பி, கார்பன் மோனாக்சைடு வாயுவின் கோடுகளை 2.3 மைக்ரான் அருகே தேடினர். இங்கே இரண்டு உபாயங்கள் கைகோத்துக்கொண்டன. ஆடி விண்மீனின் ஒளியை ஓரிடத்தில் குவித்து, கிரகம் நிற்கும் இடத்தில் அதன் ஆதிக்கத்தைக் குறைத்தது. அப்படியும் அங்கே கசிந்து நின்ற விண்மீன் ஒளியிலிருந்து கிரகத்தின் ஒளியைப் பிரித்தெடுக்க, வெப்பம் மிகுந்த விண்மீனில் இல்லாததும் கிரகத்தில் மட்டும் உள்ளதுமான அந்த வாயுவின் கோடுகள் அடையாளமாயின.

கோடுகள் கிடைத்தன, அவை எதிர்பார்த்ததைவிட அகன்றிருந்தன. சுழலும் கிரகத்தின் ஒரு விளிம்பு நம்மை நோக்கியும் மறு விளிம்பு நம்மை விட்டு விலகியும் செல்வதால், கோடு இருபுறமும் விரிகிறது. அந்த விரிவிலிருந்து, கிரகத்தின் நடுக்கோட்டு வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் என்று கணித்து 2014-ல் வெளியிட்டனர். வியாழனுக்கு அது 13 கிலோமீட்டர். பூமிக்கு அரைக் கிலோமீட்டரும் இல்லை. வியாழனைவிடப் பருத்த அக்கிரகத்தில் ஒரு நாள் என்பது சுமார் எட்டு மணி நேரமே என்பது இவ்வாறு தெரியவந்தது. சூரிய குடும்பத்துக்கு வெளியே உள்ள கிரகம் ஒன்றின் சுழற்சி அளக்கப்பட்டது அதுவே முதல் முறை. நுண்ணிய நிறமாலை இல்லாமல் தகவமை ஆடி மட்டும் இருந்திருந்தால், கிரகம் ஒளிப்புள்ளியாகவே நின்றிருக்கும். ஆடி இல்லாமல் நிறமாலைமானி மட்டும் இருந்திருந்தால், விண்மீனின் ஒளியே அதை நிரப்பியிருக்கும்.

சிறிய கருவியின் சாத்தியம்

கிரைர்ஸுக்குப் பின்வந்தவர்கள் இன்னும் ஒரு படி சென்று, பிளவுக்குப் பதிலாக ஒரே ஒரு வடிவத்தில் மட்டும் ஒளியைக் கடத்தும் நுண்ணிய இழையைப் பயன்படுத்துகின்றனர். அத்தகைய இழைக்குள், செவ்வனே சீர்ப்படுத்தப்பட்ட ஒளியைத்தான் புகுத்த முடியும்; புகுந்த ஒளியோ, வெளியே காற்று எப்படி மாறினாலும், எப்போதும் ஒரே வடிவத்தில் வெளிவரும். ஆகவே கோடுகளின் உருவம் காற்றோடு சேர்ந்து அசைவதில்லை. ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியில் இவ்வகையில் வேறு விண்மீன்களின் கிரகங்களுடைய சுழற்சியும் அளக்கப்பட்டுள்ளது. இந்தியா பங்காளியாக இருப்பதும், மத்திய அமைச்சரவை 2014-ல் ஒப்புதல் அளித்ததும், 492 துண்டுகளைச் சேர்த்து ஒரே ஆடியாக்கும் திட்டமுமான முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கும் இத்தகைய இழைகளால் ஒளி பெறும் நிறமாலைமானி ஒன்று திட்டமிடப்பட்டுள்ளது.

இதிலிருந்து நம் நாட்டவர்க்கு விசேஷமாகப் பயன்படக் கூடிய முடிவு ஒன்று பெறப்படுகிறது. ஒளிக்கற்றை 6 சென்டிமீட்டரே போதும் என்ற கணக்கு, தொலைநோக்கியின் விட்டத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆதலால் முப்பது மீட்டருக்கு உரிய நிறமாலைமானியின் நுட்பங்களை, அந்தத் தொலைநோக்கி எழும் வரை காத்திராமல், 2 மீட்டர் தொலைநோக்கியிலேயே செய்து பார்த்துவிடலாம். கருவியோ ஆராய்ச்சிக்கூடத்து மேஜை ஒன்றில் அடங்கிவிடும். ஈரப்பசையற்ற உயர்ந்த காற்றும் அகச்சிவப்புக்கு ஏற்ற வானமும் ஹான்லேயில் உண்டு. தகவமை ஆடியைத் தானியங்கியாக இயக்கும் அநுபவம் புனேயில் உண்டு. கீற்றணியையும் ஒளியிழையையும் கையாண்டு பழகிய கைகள் காவலூரிலும் பெங்களூரிலும் உண்டு. சிறிய தொலைநோக்கி சேகரிக்கும் ஒளி சொற்பமாதலால், அது பிரகாசமான விண்மீன்களையே ஆராய முடியும் என்பது மெய்தான். ஆயினும், கருவியைச் செய்து, அதன் குற்றங்களை அறிந்து, திருத்தக் கற்றுக்கொள்வதற்குப் பிரகாசமான விண்மீன்களே வசதியானவை. அப்பயிற்சி பெற்ற இளைஞர்கள் இருந்தால்தான், பெரிய தொலைநோக்கியில் நமக்கு ஒதுக்கப்படும் இரவுகளை நாம் வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ள முடியும்.